ஆத்தாயியின் குரலும் கியோங்ஜு மணியும்

சின்னண்ணன் கால் படாத மாநிலம் இந்தியாவில் குறைவு. திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டியில் போனவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் லாரியைத்தான் எங்கள் ஊரில் ரிக் என்போம். மீசை சரியாக முளைக்காத வயதில் கையாளாக ஏறியவர், டிரில்லராகி, தலை நரைக்கும்வரை அந்த வண்டியோடு இருந்தார். சத்தீஸ்கரில் ஒரு கோடை, ராய்ச்சூரில் ஒரு பனிக்காலம் என்று மாதக்கணக்கில் போய்விடுவார். மனைவி ஆத்தாயி குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டையும் இரண்டு எருமைகளையும் ஒற்றை மகள் தனப்பிரியாவையும் பார்த்துக்கொண்டாள். அவள் போன அதிகபட்சத் தூரம் பழனி.

அந்தக் காலத்தில் அவர்கள் குடும்பம் நடத்தியது பாதிக்கு மேல் போனில்தான். சாயங்காலம் வண்டி நின்றதும் அவர் கூப்பிடுவார். ஆத்தாயி எருமை கன்று போட்டதிலிருந்து மகளுக்குப் பல் விழுந்தது வரை ஒன்று விடாமல் சொல்வாள். அவளுக்குச் சின்ன உருவம், குரலும் மெலிசு. கோபம் வந்தால் இன்னும் மேலே ஏறி, விசில் மாதிரி ஆகிவிடும். சின்னண்ணன் அதைக் கேட்டுச் சிரிப்பாராம்.

வண்டியை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகுதான் சங்கடம் தொடங்கியது. பக்கத்துத் தோட்டத்து வேலுசாமி வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், "வாங்க வாங்க" என்று எழுந்துவிடுவார். ஆத்தாயி அடுப்படியிலிருந்து நாலு தடவை கூப்பிட்டாலும் அசைய மாட்டார்.

"ஊர்ல இருக்கறவிய பேசறதெல்லாம் காதுல உழுகுது. நான் பேசறது மட்டும் உழுகாது" என்று புனேயில் குடியிருக்கும் மகளிடம் போனில் பொருமுவாள். "இத்தன வருசம் தனியாவே இருந்து பழகிட்டாரு. இப்ப நான் ஒருத்தி இருக்கறதே அவருக்கு மறந்து போச்சு."

இருவரும் சேர்ந்து செய்த காரியம் ஒன்றே ஒன்று, கொரிய நாடகம் பார்ப்பது. மகள் டிவிக்கு இண்டர்நெட் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ராஜாக்களும் அரண்மனைச் சூழ்ச்சியுமாக ஓடும் கதைகளில் ஆத்தாயிக்கு உயிர். தமிழில் பேசுகிற மாதிரியே பார்க்கலாம் என்றால் சின்னண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். கொரியச் சத்தத்தோடு, கீழே தமிழ் எழுத்து ஓட வேண்டும். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய ஆத்தாயிக்கு எழுத்து ஓடும் வேகத்துக்குப் படிக்க முடியாது. "எதுக்குத்தான் இந்த வீம்போ" என்று முணுமுணுத்தபடி, பாதியைப் படித்துப் பாதியை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வாள்.

போன வருஷம் ஒருநாள் காலை, டீ குடித்துக்கொண்டிருந்தபோது சின்னண்ணன் சேலத்து டிராவல்ஸ் ஒன்றின் விளம்பரத்தாளை அவள் முன்னால் வைத்தார். ஜப்பானிலும் கொரியாவிலும் பழைய தலைநகரங்களைக் காட்டும் பயணம். கூடவே சமையல்காரர் வருவார், சோறும் ரசமும் கிடைக்கும் என்று போட்டிருந்தது.

"போலாமா?" என்றார்.

ஆத்தாயி விளையாட்டு என்று நினைத்தாள். அவர் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் நம்பினாள். எருமைகளை வேலுசாமியின் தொழுவத்தில் விட்டுவிட்டு, ஏப்ரல் கடைசியில் இருவரும் விமானம் ஏறினார்கள்.

கூட்டத்தில் பெரும்பாலும் சேலம், ஈரோட்டு ஆட்கள். வழிகாட்டியாக வளவன் என்ற சேலத்து இளைஞர் வந்தார். கனத்த குரல் அவருக்கு. மைக் இல்லாமலே பஸ்ஸின் கடைசி இருக்கை வரை கேட்கும். சின்னண்ணன் அவர் சொன்னதெல்லாம் கேட்டுத் தலையாட்டினார், கேள்விகூடக் கேட்டார். ஜன்னலோரம் இருந்த ஆத்தாயி, "அங்க பாருங்க, வயலுக்கு நடுவுல ஊடு கட்டியிருக்கறாங்க" என்றபோது திரும்பவில்லை. கடல் தாண்டி வந்தும் இதே கதைதானா என்று அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முதலில் போனது நாரா. ஒரு காலத்தில் ஜப்பானுக்குத் தலைநகரம். பூங்கா முழுக்க மான்கள் ஆடு மாதிரி திரிந்துகொண்டிருந்தன. தட்டை வடை மாதிரி ஒரு பிஸ்கட்டை விற்றார்கள். அதைக் காட்டினால் மான் தலையைத் தாழ்த்திக் கும்பிடுகிறது. ஆத்தாயி குதூகலமாக ஒரு கட்டு வாங்கினாள். மிச்சத்தை முந்தானையில் முடிந்ததுதான் தப்பு. மூன்று மான்கள் சேர்ந்து முந்தானையை இழுக்க ஆரம்பித்தன.

"ஏனுங்க! ஏனுங்க, இங்க வாங்க!"

பத்தடி முன்னால் சின்னண்ணன், பூங்காவை ஒட்டிய புத்தர் கோவிலின் பிரம்மாண்டமான மரவாசலை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். அவள் குரல் உச்சத்துக்குப் போயிற்று. அக்கம்பக்கத்தில் நின்ற ஜப்பான்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள், அவர் மட்டும் திரும்பவில்லை. கடைசியில் பள்ளிச் சீருடை போட்ட ஒரு பெண் ஓடிவந்து மான்களை விலக்கிவிட்டு, சேலையின் ஈரத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

உள்ளே மாடி வீட்டு உயரத்துக்கு வெண்கலப் புத்தர் உட்கார்ந்திருந்தார். ஆத்தாயி கும்பிட்டாள். ஆனால் மனம் அங்கே இல்லை. அன்று முழுக்க அவள் புருஷனோடு பேசவில்லை. அவள் பேசவில்லை என்பதையே அவர் கவனிக்கவில்லை என்பதுதான் அவளை இன்னும் வாட்டியது.

மறுநாள் கியோட்டோ. அங்கே நிஜோ என்றொரு கோட்டை இருக்கிறது. அதன் தாழ்வாரத்தின் தரைப்பலகைகள் ஆள் நடந்தால் குருவி மாதிரிக் கீச்சிடும். எதிரி யாராவது பதுங்கி வந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று அப்படி அமைத்ததாகச் சொல்கிறார்கள் என்று வளவன் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் உள்ளே போனார்கள். ஒவ்வொரு அடிக்கும் கீச் கீச் என்றது தரை. மெதுவாக வைத்தாலும் கத்தியது, நுனிக்காலில் போனாலும் கத்தியது. வயதானவர்கள்கூடக் குழந்தைகள் மாதிரி எட்டு வைத்து எட்டு வைத்துச் சிரித்தார்கள். கோபத்தை மறந்து ஆத்தாயியும் சிரித்தாள்.

சின்னண்ணனும் நடந்தார். மற்றவர்கள் சிரித்ததும் சிரித்தார். ஆனால் மற்றவர்களைப் போல அவர் காலைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆத்தாயி அதைக் கவனித்தாள். சந்தைக்கு வந்த வெளியூர்க்காரன், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரிப்பானே, அப்படி இருந்தது அவர் முகம்.

சுவர் ஓவியத்தைக் காட்ட வளவன் எல்லோரையும் நிறுத்தினார். யாரும் அசையவில்லை, தரையில் சத்தமே இல்லை. ஆத்தாயி புருஷனுக்கு நேரே வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"குருவி கத்தறது இப்பக் கேக்குதுங்களா?"

"ஓ, கேக்குது, கேக்குது. நல்லா கத்துது" என்றார் சின்னண்ணன்.

ஆத்தாயிக்கு அப்போதுதான் புரிந்தது. வேலுசாமியின் குரல், வளவனின் குரல், லாரி ஹாரன் எல்லாம் கேட்கிற மனுஷனுக்கு, மெலிசான சத்தம் எதுவும் எட்டவில்லை. டிவியில் அந்த எழுத்தும் அதற்குத்தான். எழுத்து இல்லாவிட்டால் நாடகத்தில் அந்த ராணிகள் பேசுவதும் அவருக்குத் தெரியாது.

வெளியே தோட்டத்தில் குளத்தைப் பார்த்தாற்போல ஒரு பலகை இருந்தது. கூட்டம் போட்டோ எடுக்கப் போயிருந்தது. ஆத்தாயி அவரை உட்கார வைத்து, தான் பக்கத்தில் உட்காராமல் எதிரே கூழாங்கல்லின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், உதடு அவருக்குத் தெரிகிற மாதிரி.

"எத்தன நாளா இப்பிடி?"

அவர் மழுப்பப் பார்த்தார். அவள் விடவில்லை.

"ராய்ச்சூர்ல இருந்தப்பவே கொஞ்சம் கொஞ்சமா" என்றார் கடைசியில். "கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னு நின்னு. மொதல்ல போனது உன்ற சத்தந்தான் புள்ள. போனை எடுப்பேன். நீ பேசறேன்னு தெரியும். என்ன பேசறேன்னு தெரியாது. ஆனாலும் வெக்க மாட்டேன். நீயா வெக்கற வரைக்கும் காதுலயே வெச்சிருப்பேன்."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

"காது கேக்காதவன வண்டியில யாரு ஏத்துவா? அதனால சொல்லல. ஊட்டுக்கு வந்த பொறவு சொல்லலாம்னு பாத்தா, வெக்கமாப் போச்சு. நீயும் எந்நேரமும் கோவமாவே இருந்தியா, எதுக்குக் கோவம்னும் தெரியல."

"அப்பறம் எதுக்கு இத்தன தூரம் கூட்டியாந்தீங்க? வாயத் தொறந்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியாத ஊருக்கு?"

சின்னண்ணன் குளத்தைப் பார்த்துச் சிரித்தார். "அதுக்குத்தான். இங்க யாரு பேசறதும் உனக்கும் புரியாது, எனக்கும் புரியாது. கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணுபோல இருக்கலாம்னு பாத்தேன்."

அவள் அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிய கூட்டம், அம்மாவுக்கு மயக்கமா என்று பதறியது. ஒன்றுமில்லை, கால் வலி என்று சொல்லிவிட்டாள்.

அங்கிருந்து கொரியா. புசானில் இறங்கி பஸ்ஸில் கியோங்ஜு என்ற ஊருக்குப் போனார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு வேப்பமரம் இருப்பதுபோல, அங்கே தெருவுக்குத் தெரு புல் மூடிய குன்றுகள். எல்லாம் பழைய ராஜாக்களின் சமாதிகளாம். அந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலான ஒரு வெண்கல மணி இருக்கிறது. விரிசல் விட்டுவிடும் என்று பயந்து அதை இப்போது அடிப்பதில்லை. அதே மாதிரி வார்த்த புது மணியை ஊருக்கு நடுவே மண்டபத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் கேட்டுக்கொண்டு அடிக்கலாம். சங்கிலியில் தொங்கும் ஒரு முழு மரக்கட்டையால் அடிக்க வேண்டும்.

"யாராச்சும் வர்றீங்களா?" என்றார் வளவன்.

ஆத்தாயி புருஷன் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் கட்டையைப் பின்னுக்கு இழுத்து விட்டார்கள்.

அந்த மணிக்கு டங்கென்ற ஓசை இல்லை. பூமிக்கு அடியிலிருந்து எழும்பியது போல ஒரு ரீங்காரம், உயர்ந்து, தணிந்து, மறுபடி உயர்ந்து, மூச்சு விடுவது மாதிரி. சின்னண்ணன் அப்படியே நின்றுவிட்டார். ரிக்கின் துளைக்கம்பி பாறையைத் தாண்டித் தண்ணீரைத் தொட்டதும் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பாராம், அந்த நிலை. கீழே நின்றவர்கள் சத்தம் முடிந்ததென்று பேச ஆரம்பித்தார்கள். அவர் கையைத் தூக்கி அவர்களை அமர்த்தினார்.

"இன்னும் இருக்குது. இன்னும் கேக்குது."

ஆத்தாயி உற்றுக் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்ற அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டபோது, அவளுக்கு ஒன்று தோன்றியது. அவர் முதுகுப்பக்கம் போய் நின்று, குரலை வயிற்றிலிருந்து எடுத்து, கண்டக்டர் மாதிரித் தடித்த குரலில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க!"

சின்னண்ணன் சட்டென்று திரும்பினார். யாரோ ஆண்பிள்ளை என்று தேடி, அவளைக் கண்டு திகைத்தார்.

"நீயா புள்ள கூப்பிட்ட?"

"நாந்தானுங்க" என்றாள் அதே குரலில். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சின்னண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக சியோல். நாடகங்களில் பார்த்த அதே அரண்மனை. அங்கே கொரிய உடை போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு நுழைவு இலவசம். சின்னண்ணன் சிவப்பு அங்கியும் கறுப்புத் தொப்பியுமாக ராஜா ஆகிவிட்டார். ஆத்தாயி முதலில் முடியவே முடியாது என்றாள். பிறகு சேலையை அவிழ்க்காமல் அதற்கு மேலேயே மஞ்சள் பாவாடையை மாட்டிக்கொண்டு, பூசணிக்காய் மாதிரி உருண்டுகொண்டு வந்தாள். முற்றத்தின் கல்தரையில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஊரில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

திரும்பி வந்த வாரமே சின்னண்ணனைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சோதித்துவிட்டு, இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு கீச்சென்ற மெலிசான சத்தங்கள்தான் முதலில் போகும், கனத்த சத்தம் நிற்கும் என்றார். இரண்டு காதுக்கும் மெஷின் எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர், அந்த இரைச்சலில் நடுங்கிப்போய் உடனே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டிலும் அப்படித்தான். குக்கர் விசில் அடித்தால் துள்ளி விழுவார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் கழற்றிவிடுவார். மெஷின் காதில் இல்லாத நேரங்களில் ஆத்தாயி தடித்த குரலில் பேசுவாள். சந்தையில் யாராவது வேடிக்கை பார்த்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புனேயிலிருந்து தனப்பிரியா வீடியோ காலில் வந்தாள். நாலு வயதுப் பேத்தி இனியா எப்போதும் ஆத்தாயியிடம்தான் பேசுவாள். அப்புச்சி என்று அவள் கூப்பிடும் தாத்தாவுக்குச் சொல்ல வேண்டியதை ஆத்தாயி மூலம் சொல்லி அனுப்புவது வழக்கம். அன்றும் அப்படித்தான் தொடங்கினாள்.

"அம்முச்சி, அப்புச்சிகிட்டச் சொல்லுங்க, எங்க ஸ்கூல்ல பூனை குட்டி போட்டிருக்கு."

"என்ன நெறம் சாமி?" என்றார், காதில் மெஷினோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னண்ணன்.

குழந்தை போனைக் கிட்டக் கொண்டுவந்தாள். திரையில் அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்புறம், பூனை முதலில் எங்கே படுத்திருந்தது, யார் பார்த்தது, டீச்சர் என்ன சொன்னார் என்று ஆதியிலிருந்து எல்லாவற்றையும் அவரிடமே சொல்ல ஆரம்பித்தாள். இலையில் போட்ட சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஆத்தாயி சாப்பிடக் கூப்பிடவில்லை.