பென்சில் புள்ளி

மின்சார மீட்டர் புகார்ப் பிரிவு அதிகாரியை அலுவலகத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் ‘கிரகம்’ என்றுதான் சொல்வார்கள். முப்பது வருஷம் ஒரே நாற்காலியைத் தேய்த்தவர். ஒரு கடிதத்தையாவது முழுசாகப் படித்துக் கையெழுத்துப் போட்டிருப்பாரா? அடப் போங்கள்! டைப்பிஸ்ட் எங்கே பென்சிலால் புள்ளி வைக்கிறாளோ அங்கே பேனா தானாக இறங்கும். அப்பேர்ப்பட்டவர் ஒரு விஞ்ஞான நாவல் எழுதினார். அதற்குப் பிழை திருத்துவது என் தலையெழுத்து. அந்த அலுவலகத்துக்குப் படிவங்கள் அடித்துக் கொடுக்கும் அச்சகத்தில் நான் புரூஃப் பார்க்கிறவன்.

நாவலில் ஒரு கொடுங்கோலன் சனி கிரகத்தை ஆள்கிறான். அவனுக்கு ஒரு சீடன், சிம்மாசனத்தின் மேல் கண் உள்ளவன். அந்தக் கொடுங்கோலன்தான் குரு. பக்கத்துக்குப் பக்கம் உபதேசம் செய்கிறார்: வித்தையில் பாதியைச் சொல்லிக் கொடு, மீதிக்கு ‘நாளைக்கு வா’ என்று சொல். கடைசியில் சீடன் மண்டியிட்டு அழுகிறான், குரு ராக்கெட்டில் ஏறிச் சிரிக்கிறார், முற்றும். தூ! படிக்கிறவன்தான் அழ வேண்டும்.

அதை டைப் அடித்தவள் அவருக்குக் கீழே இருந்த தற்காலிக டைப்பிஸ்ட். சேர்ந்து மூன்றாவது வருஷம். அந்த வருஷம் முடிவதற்குள் பணி நிரந்தரக் கடிதத்தில் அவர் கையெழுத்து விழாவிட்டால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். “நாவல் முடியட்டும்மா, பாத்துக்கலாம்” என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஓசியில் அடித்துக் கொடுத்தாள். நாவல் முடிந்தது. “ரெண்டாம் பாகம் இருக்கேம்மா” என்றார். வெட்கம், மானம் எதுவும் அந்த ஆளை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அச்சேறும் முன் ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் சட்டம். அவள் புரூஃப் கட்டை வாங்கிப் போய் மறுநாளே கொண்டுவந்து வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களிலும் பென்சில் புள்ளி, அதன் மேல் கையெழுத்து. கடைசி அத்தியாயத்தைப் புரட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய முடிவு இல்லை. புதிதாக டைப் அடித்த தாள்கள் இருந்தன. சீடன் குருவை ராக்கெட்டுக்குள் வைத்துப் பூட்டிப் பொத்தானை அழுத்துகிறான். கீழே கிரகத்தின் கையெழுத்து! கட்டின் அடியிலிருந்து இன்னொரு தாளை அவள் உருவிக் கைப்பையில் வைத்தாள். பணி நிரந்தரக் கடிதம். அதிலும் புள்ளி, அதிலும் கையெழுத்து.

“ஏம்மா, இந்த முடிவு அவர் எழுதினதா?”

“நீங்க எழுத்துப்பிழைதானே பாக்குறீங்க? ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“அப்ப விடுங்க.”

விட்டேன். உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம் வேறு.

அலுவலக உணவுக்கூடத்தில் வெளியீட்டு விழா. கிரகம் கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்தினார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘இது நான் எழுதியதில்லை’ என்று வாய் திறந்தால், படிக்காமல் கையெழுத்துப் போடும் லட்சணமும் சேர்ந்து சந்திக்கு வந்துவிடுமே! அதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். “இந்த முடிவு குளிக்கும்போது பளிச்சுன்னு தோணுச்சு” என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லையாம்! அவளுக்கு வேலை நிரந்தரமானது.

பத்து வருஷம் ஓடிவிட்டது. இன்று அதே நாற்காலியில் அவள்தான் அதிகாரி. அந்தப் புள்ளிக் கதையை உணவுக்கூடத்தில் அவளே நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது அவளும் ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். போன வாரம் புரூஃபில் கையெழுத்துப் போட அச்சகத்துக்கே வந்தாள். கூடவே கட்டைச் சுமந்துகொண்டு ஒரு தற்காலிக டைப்பிஸ்ட் பெண். மூன்றாவது வருஷமாம். பக்கத்துக்குப் பக்கம் புள்ளி வைத்திருந்தாள்.

அதிகாரியம்மா ஒரு வரி விடாமல் படித்துத்தான் கையெழுத்துப் போட்டாள். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்று சும்மாவா சொன்னார்கள்! நான் பக்கத்து மேசையில் இருந்தேன். டைப்பிஸ்ட் பெண்ணுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கட்டின் அடியில் வேறு மாதிரித் தாள் ஒன்று இருந்தது எனக்கும் தெரிந்தது.

அதிகாரியம்மா அதை எடுத்தாள், படித்தாள். என் மேசையிலிருந்த ரப்பரை எடுத்துப் புள்ளியைச் சுத்தமாக அழித்தாள். பணி நிரந்தரக் கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“ரெண்டாம் பாகம் முடியட்டும்மா, பாத்துக்கலாம்.”

அந்தப் பெண் என்னைத்தான் பார்த்தாள். அன்றைக்கும் இன்றைக்கும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான். வாயைத் திறந்திருக்கலாம். நானோ, வேலிக்கு ஓணான் சாட்சி என்பது போன்ற ஆள். ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டு, குனிந்து எழுத்துப்பிழை தேட ஆரம்பித்தேன்.