மாவுக்கட்டு போட்ட குட்டி

எனக்குக் கல்யாணமான புதிது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் அச்சு வார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் முதலாளி ஒருவரிடம் மட்டும்தான் செல்போன் இருந்த காலம் அது. என் மனைவிக்குக் கருவேப்பிலங்குறிச்சி. வரும்போது பாத்திரம் பண்டத்தோடு ஒரு வெள்ளாட்டையும் கூட்டி வந்தாள். எனக்கு ஆடு வளர்ப்பில் ஒன்றும் தெரியாது.

அந்த ஆடு எங்கள் வீட்டில் முதல் குட்டி போட்டது. கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த பெட்டைக் குட்டி. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், மொபெட்டைக் கொல்லையில் ஈரமண்ணில் ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். ஸ்டாண்டு மண்ணில் இறங்கி, வண்டி குட்டிமேல் சாய்ந்தது. பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து தொங்கியது.

மனைவி என்னைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அது திட்டைவிட மோசம்.

கம்மாபுரம் பக்கமிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகும் கால்நடை டாக்டரம்மாவைப் பிடித்தேன். மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றிக் கட்டினார். மறுநாள் காலையில் பார்த்தால் தாய் ஆடு துணியைக் கடித்து இழுத்துவிட்டிருந்தது. மறுபடியும் வந்த டாக்டரம்மா காலைத் தடவிப் பார்த்தார்.

"இது நிக்காதுங்க. மாவுக்கட்டு போட்டா நல்லா இருக்கும். எங்கிட்ட இப்ப மாவு இல்ல, நெய்வேலி போய்த்தான் வாங்கணும்."

"மாவு எங்ககிட்ட மூட்ட மூட்டயா இருக்குதுங்க" என்றேன். "பொம்மைக்கு அச்சு வார்க்கறதே அதுலதான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள்.

மொபெட்டிலேயே கம்பெனிக்குப் பறந்தேன். விஷயத்தைச் சொன்னதும் முதலாளி சிரித்துக்கொண்டே, புது மூட்டையைப் பிரித்து இரண்டு கிலோ அள்ளிக் கொடுத்தார். டாக்டரம்மா மாவை விரலில் தேய்த்துப் பார்த்து, "வேற ஏதாவது கலந்திருக்குதா?" என்றார். இல்லை என்றேன்.

"இறுகும்போது சூடேறும்ங்க. பஞ்சு கனமா சுத்தணும்" என்றும் சொன்னேன்.

"தெரியும்ங்க" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நீங்க பதமா கரைங்க, அது போதும்."

கரைத்தேன். வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் மாவு கரைத்ததில்லை. மனைவி குட்டியை மடியில் கிடத்திப் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மா பஞ்சு சுற்றி, மாவில் நனைத்த துணியை அடுக்கடுக்காகச் சுற்றினார். வீங்குகிறதா என்று பார்ப்பதற்காகக் குளம்பின் நுனியை மட்டும் வெளியே விட்டார். மாவு இறுகும்வரை காலை அசையாமல் நான் பிடித்திருந்தேன்.

"கை வலிக்குதா?" என்றாள் மனைவி. மூன்று நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. வலித்தது. இல்லை என்றேன்.

அதன்பின் வீட்டில் எப்போதும் டொக் டொக் என்று சத்தம். சிமென்ட் தரையில் குட்டி கட்டை ஊன்றி நடந்தது. கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் பெண்கள் நாலுபேர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார்கள். வெறுங்கையோடு வரவில்லை. பிரஷும் வர்ணமும் கொண்டுவந்து, கட்டின்மேல் சிவப்பிலும் பச்சையிலும் கொலுசு எழுதிவிட்டுப் போனார்கள். தெருவே வந்து பார்த்தது.

நாலு வாரம் கழித்து டாக்டரம்மா கட்டை வெட்டி எடுத்தார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கால் குச்சியாக இளைத்திருந்தது, குட்டி அதைத் தூக்கியே வைத்திருந்தது. ஒருநாள், இரண்டுநாள் பார்த்தோம். மூன்று காலிலேயே குதித்தது.

"வலி இல்ல, பயம்தான்" என்று சொல்லிவிட்டு, மனைவி ஒரு கொத்து அகத்திக்கீரையை ஒடித்துவந்து குட்டியின் மூக்குக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். குட்டி கழுத்தை நீட்டியது. எட்டவில்லை. முன்னங்கால்களைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தது. கீரையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினாள்.

"கீழ பாருங்க, கீழ பாருங்க" என்றாள் என்னிடம், கையை அசைக்காமல்.

நான் கொல்லைத் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். இரண்டு பின்னங்குளம்புகளும் மண்ணில் அழுந்திப் பதிந்திருந்தன. "ரெண்டும் ஊனியிருக்குது" என்றேன். சிரிப்பில் அவள் கை தளர்ந்து கீரை கீழே விழ, அதைத் தின்னக் குட்டி என் முதுகில் ஏறி, நாலு காலும் அழுத்தமாக ஊன்றி, அந்தப் பக்கம் இறங்கியது.