மூன்றாவது மாடியில் பிளேந்த்

கதவைத் திறந்த ஸ்டெல்லாமேரி அம்மாள் வாசலில் நின்ற சந்திரகலாவைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னால், தோளில் பலகைப் பெட்டியோடு மூச்சு வாங்க நின்ற கோவிந்தசாமியைப் பார்த்து, "வாங்க மேஸ்திரி, காலைலேர்ந்து உங்களுக்காகத்தான் காத்துகிட்டிருக்கோம்" என்றார்.

கோவிந்தசாமிக்குத் தரையைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அதன் மேல் நடக்கலாம். திருக்கனூர் பக்கம் ஒன்றரைக் காணி நிலம் அவருக்கு. அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடந்ததால் பெண்டாட்டி சந்திரகலாவுக்கு ஒத்தாசையாக வந்திருந்தார். "நான் இல்லைங்கம்மா, மேஸ்திரி இவதான்" என்று முன்னால் கை காட்டினார். ஸ்டெல்லாமேரி அம்மாள் சந்திரகலாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்தப் பதிலே காதில் விழாதது போல, "செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க மேஸ்திரி" என்று மறுபடியும் அவரிடமே சொன்னார்.

சந்திரகலாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த அம்மாளைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவளை மேஸ்திரி என்று அதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. அன்று கணவர் சொன்னதுதான் முதல் தடவை.

இருபத்திரண்டு வயதில் கலவைச் சட்டி தூக்க ஆரம்பித்தவள் அவள். பதினான்கு வருஷம் டைல்ஸ் மேஸ்திரிகளுக்குப் பின்னால் நின்றாள். கட்டட வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. கூட வந்த பையன்கள் எல்லாம் நாலே வருஷத்தில் கரணை பிடித்து மேஸ்திரி ஆகிவிடுவார்கள். பெண்ணாக இருந்தால் தலை நரைத்தாலும் சித்தாள்தான். ஒரு வீட்டில் குளியலறைத் தரைக்கு வாட்டம் தப்பாக வருகிறது, தண்ணீர் கதவுப் பக்கம் ஓடிவரும் என்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது. சொன்னாள். "நீ சட்டி தூக்குற வேலையப் பாரு" என்றார் மேஸ்திரி. பத்தே நாளில் அந்தத் தரையை உடைத்துத் திரும்பப் போட்டார்கள், அந்த மண்ணையும் அவள்தான் சுமந்து கொட்டினாள். அதற்குப் பிறகு வேலை இடத்தில் அவள் வாயைத் திறந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு சக்கரபாணியின் தரைப் பலகைக் கடையில் சேர்ந்தாள். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே லேமினேட் பலகையைப் பூட்டும் வேலை. சிமெண்டு கிடையாது, சட்டி கிடையாது. பெரிய மேஸ்திரிகள் இதை அட்டை ஒட்டுற வேலை என்று ஏளனம் பண்ணினார்கள். அதனால் அவளுக்கு ஒரு நன்மை நடந்தது, பலகையையும் ரம்பத்தையும் அவள் கையில் கொடுக்க யாரும் யோசிக்கவில்லை. அளக்க, வெட்ட, பூட்ட எல்லாம் கற்றுக்கொண்டாள். போன வாரம் சக்கரபாணி கூப்பிட்டுச் சொன்னார்: "கோரிமேட்டுல ஒரு ஃபிளாட்டு. ஹால் மட்டும். நீயே தனியா முடி. நல்லா முடிஞ்சுதுன்னா அடுத்த வேலைலேர்ந்து நீ மேஸ்திரி. ஆனா வீட்டுக்காரங்ககிட்டேர்ந்து புகார்னு ஒரு போன் எனக்கு வந்துதுன்னா, பழையபடி கூட மாட வேலைதான். பார்த்துக்க."

ஒரே ஒரு போன். சந்திரகலா மொபெட்டில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஹால் தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதுதான் அந்த வீட்டின் கஷ்டமும். ஸ்டெல்லாமேரி அம்மாளின் கணவர் மிக்கேல் ஐயா போன ஆகஸ்டில் ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. ஆறு மாதமாக அவர் ஹாலைத் தனியாகத் தாண்டியதில்லை. பால்கனியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ்களை வேடிக்கை பார்ப்பது அவருக்கு உயிர். அதற்கும் ஆள் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. முப்பது வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் பேச்சில் அந்த ஊர் வார்த்தையும் கலந்து வரும்.

"பர்க்கே, அதான் இந்தப் பலகைத் தரை, போட வந்திருக்கீங்களா? நல்லதும்மா" என்று படுக்கையறை வாசலில் கைத்தடியை ஊன்றி நின்றபடி விசாரித்தார். அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் நேராகச் சந்திரகலாவைப் பார்த்துப் பேசினார். "பிளேந்த்த எடுத்துட்டுப் புதுசு போடுவீங்கல்ல?"

சந்திரகலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினான்கு வருஷக் கட்டட வேலையில் அவள் அறிந்த பிளிந்த், அஸ்திவாரத்துக்கு மேல் தரைமட்டத்தில் கட்டடத்தையே தாங்கி நிற்கும் கான்கிரீட். அதை மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு இவர் எடுக்கச் சொல்கிறார். பாவம், வயசானவர்.

"பிளிந்த்தையா? ஐயோ, அதை எடுத்தா வீடே சாஞ்சிடுங்கய்யா. அதையெல்லாம் நாங்க தொடவே மாட்டோம்."

மிக்கேல் ஐயா புருவத்தை உயர்த்தினார். "தொடவே மாட்டீங்களா?"

"சத்தியமா தொட மாட்டோம். பயப்படாதீங்க."

"அப்ப சரி" என்று, கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான், உள்ளே திரும்பினார்.

அன்று அவள் வேலையை ஆரம்பிக்கவில்லை. பெட்டிகளை ஹால் நடுவில் படுக்கவைத்துவிட்டு, "ரெண்டு நாளு பலகை இந்த வீட்டுக் காத்துல கெடக்கணும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஸ்டெல்லாமேரி அம்மாள் கோவிந்தசாமியிடம், "வந்த அன்னைக்கே லீவா மேஸ்திரி?" என்று கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார்.

வியாழக்கிழமை வேலை தொடங்கியது. சந்திரகலா முழங்காலிட்டு ஒவ்வொரு டைல்ஸாகச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தாள். பால்கனிக் கதவருகே ஒன்று மட்டும் உள்ளே காலி என்று சத்தத்திலேயே காட்டிக்கொடுத்தது. அதற்கு அடியில் வெள்ளைச் சிமெண்டைக் கரைத்து ஊற்றி உட்காரவைத்தாள். நீள அலுமினியக் கட்டையை வைத்து மட்டம் பார்த்தாள். ஸ்பான்ஜ் ஷீட்டை விரித்தாள். சுவர் ஓரத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஆப்பு செருகி, அதிலிருந்து பலகைகளைப் பூட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றும் சொடக்குப் போட்ட மாதிரிச் சத்தத்தோடு மற்றதைப் பிடித்துக்கொண்டது. கோவிந்தசாமி பலகை எடுத்துக் கொடுத்தார். தரையைப் பற்றிய கேள்விகளையெல்லாம் வீட்டுக்கார அம்மாள் அவரிடமே கேட்டார், அவர் பெண்டாட்டியிடம் கேட்டார், பதிலை அம்மாளிடம் ஒப்பித்தார். அவருக்கு இந்தத் தபால்காரர் உத்தியோகம் பிடித்துக்கூட இருந்தது.

குணத்தில் ஸ்டெல்லாமேரி அம்மாள் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பேருக்கும் இலை போட்டார். "தவக்காலம், வெள்ளிக்கிழமையில கறி ஆக்குறதில்ல. சுத்த பத்தமா மீன் கொழம்புதான். காலைல தேங்காய்த்திட்டு ஹார்பர்லேர்ந்து வந்த வஞ்சிரம்." கோவிந்தசாமிக்கு மூக்கு விரிந்தது, முகம் சுருங்கியது. அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மீன் பேரையே எடுக்க மாட்டார்கள். விரதம் இருப்பவர் விரதம் இருப்பவருக்கு மீன் பரிமாறுகிற கோலத்தைப் பார்த்து எல்லாருமே சிரித்துவிட்டார்கள். அம்மாள் ஓடிப்போய் அப்பளம் பொரித்து, ரசம் வைத்துக் கொடுத்தார்.

அந்தச் சிரிப்பு மூன்றரை மணி வரைக்கும்தான் நீடித்தது.

கடைசிப் பலகை பூட்டிக்கொண்டதும் சந்திரகலா ஆப்புகளை உருவினாள். ஹால் முழுக்கத் தேன் நிறத்தில் தரை. சுவர் ஓரமாக மட்டும் நாலு பக்கமும் ஓர் இடுக்கு. அதை மூடத்தான் ஸ்கர்ட்டிங் பட்டை. எட்டடி நீளப் பட்டைகள் என்பதால் அவை தனியாக அன்று காலையிலேயே கடை வண்டியில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்குள் ஸ்டெல்லாமேரி அம்மாள் வந்துவிட்டார். "என்னா மேஸ்திரி இது? சுத்திலும் எலி போறதுக்கு வழி விட்டிருக்குது! அளவு தப்பா வெட்டிட்டாளா?"

கோவிந்தசாமி பெண்டாட்டியைப் பார்த்தார். "வேணும்னுதாம்மா விட்டது. மேல பட்டை வந்து மூடிடும்" என்றாள் அவள்.

"எங்க இருக்குது பட்டை?"

"இன்னைக்கு வரணும். ஏன் வரலைன்னு தெரியலங்க."

"தப்பா வெட்டிப்புட்டு சாக்கு சொல்றியா? நான் சக்கரபாணிகிட்டயே பேசிக்கிறேன். நல்ல ஆம்பள ஆளா ஒருத்தர அனுப்பச் சொல்றேன்." மூக்குக் கண்ணாடியும் போனும் எடுக்க அவர் உள்ளே போனார்.

சந்திரகலா உருவிய ஆப்புகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள். அந்த ஒரு போன் இதோ வரப்போகிறது. கோவிந்தசாமி குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "கலா, பையில வெள்ளச் சிமெண்டு மிச்சம் இருக்குதே. அடச்சி விட்டுடேன். அவங்களுக்கும் திருப்தியாயிடும்."

அவளுக்கும் கை பரபரத்தது. டைல்ஸ் வேலையில் இடுக்கு என்றாலே வெள்ளைச் சிமெண்டுதான்; அடைத்துத் துடைத்தால் அரை மணியில் வேலை முடியும், போனும் வராது. மழைக்காலம் வந்து பலகை உப்பி, பக்கத்தில் நகர இடம் இல்லாமல் நடு ஹாலில் மேடு தட்டும்போது அவள் மேஸ்திரியாக வேறு எங்கேயோ இருப்பாள். அந்த மேட்டில் முதலில் தடுக்கப்போவது மிக்கேல் ஐயாவின் கால். குளியலறை வாட்டத்தைச் சொல்லித் திட்டு வாங்கிய பிறகு ஊமையாக நின்ற அத்தனை நாட்களும் அவள் நெஞ்சில் வந்து நின்றன. எனக்குத் தெரிந்ததைச் சொல்ல இன்னும் எத்தனை வருஷம் பயப்படுவது என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"மாமா, அந்தப் பையை மூடு" என்றாள்.

ஸ்டெல்லாமேரி அம்மாள் போனோடு வந்தார். சந்திரகலா எழுந்து அவர் எதிரில் நின்றாள். "போன் பண்ணுங்கம்மா. அதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பால்கனி கதவு ஐப்பசி மழையில சாத்துதா?"

"எங்க சாத்துது? எட்டி ஒதைக்கணும். போன வருசம் ஆள் வெச்சி இழைச்சோம்."

"வந்த அன்னைக்கே மேல் பக்கம் இழைச்ச தடத்தைப் பாத்தேன். இப்ப மாசி வெயில்ல எப்படி இருக்குது?" கதவைச் சாத்திக் காட்டினாள். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. "இதும் மரத்தூள்ல செஞ்ச பலகைதாம்மா. கடல் காத்து பட்டா உப்பும், காஞ்சா சுருங்கும். கதவ இழைச்சிக்கலாம், தரைய இழைக்க முடியாது. அதான் இப்பவே எடம் விட்டிருக்கேன். இதை நான் அடைக்க மாட்டேன். நீங்க வேற ஆள வெச்சி அடைச்சா, ஐப்பசில ஐயா மறுபடியும் விழுவாரு."

இந்தத் தடவை அவள் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டாள். அம்மாள் கதவையும் இடுக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

சத்தம் கேட்டு அறை வாசலுக்கு வந்திருந்தார் மிக்கேல் ஐயா. "பட்டையா? அத அனுப்பட்டுமான்னு நேத்தே கடைலேர்ந்து ஒரு பொண்ணு போன்ல கேட்டுச்சே. நான்தான் வேணாம்னேன்."

"வேணாம்னீங்களா? ஏன்?" இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"இந்தம்மாதானே சத்தியம் பண்ணிச்சு, பிளேந்த்தத் தொடவே மாட்டேன், தொட்டா வீடு சாஞ்சிடும்னு!" கைத்தடியால் அறைச் சுவரின் அடியில் நாலு அங்குலத்துக்கு ஒட்டியிருந்த டைல்ஸ் பட்டையைத் தட்டினார். "வொலா, இதோ பிளேந்த்!"

சந்திரகலா வாயைப் பிளந்தாள். "ஸ்கர்ட்டிங்கா! அதுக்குப் பேரு பிளேந்த்தா? நான் அஸ்திவாரத்த எடுக்கச் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்!"

முதலில் சிரித்தது கோவிந்தசாமி. பிறகு மிக்கேல் ஐயா, வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஸ்டெல்லாமேரி அம்மாள் "மூணாவது மாடில அஸ்திவாரம்!" என்று திரும்பத் திரும்பச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் போனை எடுத்து எண்களை அழுத்தினார்.

"சக்கரபாணியா? ஸ்டெல்லாமேரி பேசறேன். புகாரெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க வூட்டுக்காரரு தப்பா வேணாம்னுட்டாரு. உங்க மேஸ்திரியம்மா ஸ்கர்ட்டிங் பட்டை கேக்குறாங்க. நாளைக்குக் காலைல அனுப்பிவிடுங்க."

சந்திரகலா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, உருவிய ஆப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் ஏற்கெனவே பொறுக்கியாகிவிட்டது என்பது கோவிந்தசாமிக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பட்டைகள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தன. இடுக்கு இருந்த இடமே தெரியவில்லை. மிக்கேல் ஐயா அறையிலிருந்து வந்து, பலகையின் மேல் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு சுவரை விட்டார். கைத்தடியை மட்டும் ஊன்றி, ஹாலின் நட்டநடுவே நடந்து, பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஸ்டெல்லாமேரி அம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அன்றைக்குப் போல் சந்திரகலா எந்த வேலை முடிந்தும் சந்தோஷப்பட்டதில்லை.

சாமான்களோடு இறங்கும்போது இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. அந்த வீட்டு நிர்மலாதேவிக்கு மூன்று நாளாகத் தலைக்கு மேல் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாமேரி அம்மாள் போனில் புதுத் தரையைப் பற்றிப் பெருமையடித்ததும் சேர்ந்துகொண்டது. அவர் சந்திரகலாவைத் தாண்டி, ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்த கோவிந்தசாமியைப் பார்த்தார்.

"மேஸ்திரி, அப்படியே எங்க வீட்டையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்களேன்."

கோவிந்தசாமி வாயைத் திறப்பதற்குள் சந்திரகலா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"மேஸ்திரி நான்தாங்க. மொதல்ல உங்க வீட்டு பிளேந்த்தப் பாக்கணும். உள்ள வரலாமா?"

நிர்மலாதேவி ஒன்றும் புரியாமல் வழிவிட்டார். பின்னால் கோவிந்தசாமி ரம்பத்தை இறக்கிவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்.