மேல்சபைக்கு நான் சொன்ன திருத்தம்

எண்பதுகளின் நடுவில் நானும் என் கணவரும் ஜவ்வாது மலையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தோம். சட்ட மேல்சபையைக் கலைக்கப்போகிறார்கள் என்று ரேடியோவில் செய்தி வந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"நல்ல காரியம். ஓட்டுல தோத்தவங்கள பின்வாசல் வழியா உள்ள உட்றதுக்கு ஒரு சபை, அதுக்கு ஒரு செலவு" என்றார் அவர்.

"சட்டசபையில அவசரத்துல கையைத் தூக்கிடறாங்க. இன்னொரு தடவ படிச்சுப் பாக்க ஆளு வாணாமாங்க?"

"படிச்சு இன்னா பண்ணுவாங்க? கொஞ்ச நாள் தள்ளிப் போடுவாங்க. அவ்ளோதான்."

வீட்டில் உப்பு தீர்ந்தாலும் கண்டுகொள்ளாத மனுஷர், இதில் மட்டும் விடவே இல்லை. தட்டில் போட்ட களி ஆறிக் கட்டியானது. எனக்கு ஆத்திரம் வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. மேல்சபைக்கு ஆசிரியர்கள் மட்டும் ஆள் தேர்ந்தெடுக்கும் தொகுதியில் ஓட்டுப் போடப் பெயரைச் சேர்க்கச் சொல்லி, போளூருக்கு நடையாய் நடந்து அப்போதுதான் சேர்த்திருந்தேன். அந்த ஓட்டை ஒரு தடவைகூடப் போட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் மறுபடி ஆரம்பித்தார். "உனக்கு ரெண்டு ஓட்டு. பக்கத்து வூட்ல சாமை வெதைக்கிற அக்காவுக்கு ஒண்ணு. இது இன்னா நியாயம்?"

அவர் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன். சபை இருக்கட்டும். ஆனால் படித்தவர்களுக்குத் தனி இடம் இருப்பதுபோல மலையில் இருப்பவர்களுக்கும் ஓர் இடம் கொடுக்கட்டும். போளூரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து பஸ் வரவில்லை. ஜீப்பில் புளி மூட்டை மேல் உட்கார்ந்து மலை இறங்கினேன். மண்டபத்துக்குள் நுழைந்தபோது சங்கச் செயலாளர் தீர்மானத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நிதானமாக ஆலோசிக்கும் சபையைக் கலைக்கக் கூடாதாம். படித்து முடித்ததும் கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "சார், ஒரு திருத்தம் சொல்லணும்."

"இப்ப திருத்தம்லாம் வாணாம் டீச்சர். மண்டபத்தைக் காலி பண்ணணும். கல்யாண பார்ட்டி வெளிய நிக்கிறாங்க."

"ரெண்டே நிமிஷம் சார்."

"ஏகமனதா நிறைவேறிடுச்சுங்க."

"நான் ஏத்துக்கலையே சார்!"

"எழுதியாச்சுங்க டீச்சர்."

அதற்குள் சமையல்காரர்கள் அண்டாக்களை உள்ளே உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மலையேறி வந்து சொன்னதும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிக்காதீங்க. உங்க சட்டசபை மட்டும் யாரைக் கேட்டுக் கலைக்குதாம்? அந்த அக்காவக் கேட்டாங்களா?"

சிரிப்பு நின்றது.

சபையைக் கலைத்தார்கள். சில வருஷத்தில் ஆட்சி மாறியது. அதே சபையை மறுபடி கொண்டுவர அதே சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள். எங்கள் வீட்டில் மறுபடி களி ஆறியது. சபையும் வந்தபாடில்லை. மலைக்கு ஓர் இடம் என்ற என் யோசனையை மட்டும் எந்தத் தரப்பும் வேண்டாம் என்று சொன்னதில்லை. காது கொடுத்துக் கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு!