கன்று நின்ற முளை

எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு கல்முளை இருக்கிறது. மாடு கட்டுவதற்காக நட்டது. முழங்கால் உயரம்கூட இராது. மேல்பக்கம் வழுவழுவென்று தேய்ந்து, சின்னப்பிள்ளை உட்காருவதற்கு வாகாக இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் இருக்கிற முளைகளில் எத்தனையோ கன்றுகள் நின்று போயிருக்கின்றன. நடுவில் இருக்கிற இதில் மட்டும் ஜெர்மன் சண்டைக்கு முந்தின காலத்திலிருந்து போன வாரம் வரைக்கும் ஒரு கயிறு விழுந்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், "இந்தக் கல்லு என்னத்துக்குச் சும்மா நிக்கி? பிடுங்கிப் போட்டா நடக்க வழியாவது கிடைக்குமே" என்பார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். "வழியில்லேன்னா வந்த வாசல் வழியாவே போயிரும்வே" என்று சொல்லிவிடுவேன். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை இவர்களிடம் நின்றுகொண்டு சொல்லிவிட முடியாது.

மதினி களக்காட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். என் அண்ணனின் மனைவி. எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கு மேற்கே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. அண்ணன் வாழையும் நெல்லும் பயிர் வைத்திருந்தான். நான் அப்போதுதான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். மதினி அப்படி ஒரு வாயாடி! முதல் நாள் நான் தலைப்பாகை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது, "தம்பி, பாத்துப் போங்க. காத்துல தலைப்பாகை போற இடத்துக்கு நீங்களும் போயிராதீங்க" என்றாள். அவள் சிரித்தால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். கலியாணமாகி நெடுநாள் கழித்து ஒரு பெண்குழந்தை பிறந்தது. அதே மாதம் எங்கள் சிவப்புப் பசுவும் ஒரு கிடாரிக் கன்று போட்டது. குழந்தையும் கன்றும் ஒரே நாளில் எழுந்து நின்றன என்று மதினி சொல்லுவாள். அது பொய். கன்று பிறந்த அன்றைக்கே நின்றுவிட்டது. ஆனால் யார் அவளிடம் எதிர்த்துப் பேசுவது? கன்றை நடு முளையில் கட்டியிருப்பார்கள். குழந்தை நடக்கத் தொடங்கியதும் நேரே போய் அந்த முளைமேல் உட்கார்ந்துகொள்ளும். தன் கையிலிருக்கிற வாழைப்பழத்தில் கன்றுக்குப் பாதி, தனக்குப் பாதி. கன்று அதன் தலையை நக்கி நக்கி முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். மதினி அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுவாள். குளித்த ஈரத்தோடு அது மறுபடியும் முளைக்கு ஓடிவிடும்.

அந்த வருஷம் ஐப்பசி வெள்ளம் ஊருக்குள் வந்து, கிணறெல்லாம் ஆற்றுத் தண்ணீரோடு கலந்துபோயிற்று. வெள்ளம் வடிந்த கையோடு வாந்திபேதி வந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு நோய் கண்டால் அம்மனுக்குக் கன்று நேர்ந்துகொள்வார்கள். பிள்ளை பிழைத்தால் கன்றை ஆற்றில் குளிப்பாட்டி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, கோயிலை ஒட்டி இருக்கிற பசுமடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அதற்கப்புறம் அந்தக் கன்றை ஒரு தரம்கூடப் போய்ப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற மாதிரி. அம்மனும் தான் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று பயம். அந்த வருஷம் பிள்ளை படுக்காத வீடு இல்லை, கன்று நேராத தாயும் இல்லை. எதிர்வீட்டு அக்காளின் ஒரே மகன் கண் செருகிக் கிடந்தபோது அவள் ஒரு காளைக்கன்றை நேர்ந்துகொண்டாள். எங்கள் குழந்தை கிடந்தபோது மதினி புறவாசலுக்கு ஓடி, அந்தக் கிடாரிக் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தாயி, எம் பிள்ள எந்திரிச்சிட்டா இதையே உனக்கு விடுதேன். என்கிட்ட இருக்கதுல ஒசத்தி இதுதான்" என்றாள். எதிர்வீட்டுப் பையன் பிழைத்தான். எங்கள் குழந்தை விடியுமுன் போய்விட்டது.

அதன்பிறகு மதினியின் குரலை நாங்கள் கேட்கவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் எடுப்பாள், அவ்வளவுதான். கன்று மட்டும் அதே முளையில் நின்றது. அதற்குப் புல் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தெருவிலோ ஒவ்வொரு வீடாகக் கன்று புறப்பட்டது. மஞ்சள் துணியும் மேளமும் குலவையுமாக அவை எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது அண்ணன் கதவைச் சாத்திவிடுவான். பிள்ளை பிழைத்த வீட்டுச் சந்தோஷத்தை நாம் கெடுக்கக் கூடாது என்பான். உண்மையில் அவனால் பார்க்க முடியவில்லை.

தை பிறந்திருக்கும். ஒருநாள் காலையில் ஆற்றுக்குப் போன மதினி வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். "தம்பி, செத்த என்கூட வாங்க" என்றாள். அவள் பேசியதே எனக்கு ஆச்சரியம். கேள்வி கேட்காமல் பின்னால் போனேன். பசுமடத்தின் மதிலில் வெள்ளத்தில் இடிந்த ஒரு இடம் இருந்தது. அந்த வழியாகப் பார்க்கச் சொன்னாள். ஐயோ, அதை எப்படிச் சொல்லுவேன்! யாரோ ஒரு புண்ணியவான் பால் வற்றின கிழமாடு நாலைந்து நிற்கட்டும் என்று கட்டிவைத்த கொட்டகை அது. அதற்குள் ஊர்க்கன்று அத்தனையும் அடைந்து கிடந்தன. படுக்க இடமில்லை. படுத்ததை மற்றவை மிதித்துக்கொண்டு நின்றன. கணுக்கால் வரை சாணிச்சேறு. கோமாரி கண்டு வாயில் நுரையோடு சில கன்றுகள் சுவரில் சாய்ந்து நின்றன. எல்லாவற்றின் கழுத்திலும் மஞ்சள் துணி. பார்க்கக் கூடாதென்று எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் வந்தார்களே, அதனால் யாருக்குமே தெரியவில்லை. பார்ப்பதற்குப் பயமில்லாதவள் ஊரில் இவள் ஒருத்திதான்.

மடத்துக் காரியஸ்தரிடம் போனோம். கெட்டவர் இல்லை. செத்த கன்றுகளைப் புதைத்துப் புதைத்து மனுஷன் பாதியாகிப் போயிருந்தார். "கூலிக்காரனும் ஓடிட்டான் வாத்தியாரே. நான் ஒருத்தன் என்னத்தச் செய்ய?" என்றார். மதினி சொன்னாள்: "அண்ணாச்சி, நோவு காணாத கன்னையெல்லாம் வீட்டுக்கு ஒண்ணா வளக்கக் குடுங்க. கன்னு அம்மனோடதாவே இருக்கட்டும். புல்லும் தண்ணியும் நாங்க குடுக்கோம். உள்ள இடம் கெடச்சா மிச்சம் இருக்கதும் பிழைக்கும்." காரியஸ்தர் பதறிவிட்டார். சாமி சொத்தை வெளியே விட்டால் விற்றுத் தின்றுவிட்டான் என்று ஊர் பேசாதா? பேச்சு முற்றியது. கடைசியில் சலிப்பில் ஒரு வார்த்தை சொன்னார், அவரே பிறகு நாக்கைக் கடித்துக்கொண்ட வார்த்தை. "நேர்ந்த கன்ன வீட்டுல கட்டி வச்சிக்கிட்டு, அம்மன் வீட்டுக் கன்னக் கேக்க வந்துட்டியளே தாயி!" எனக்கு ரத்தம் கொதித்தது. "பிள்ள போயிட்டேவே!" என்று கத்தினேன். மதினி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் அந்தக் கிடாரிக் கன்றைக் குளிப்பாட்டினாள். மஞ்சள் துணி கட்டினாள். அண்ணன் வாழைத்தோட்டத்துக்குப் போனவன் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "ஏளா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அது ஒண்ணுதானளா நமக்கு மிச்சம்" என்று அழுதான். நான் அவன் அழுது அதற்குமுன் பார்த்ததில்லை. மதினி அழவில்லை. "இது போனாத்தான் அவுக கதவத் தொறப்பாக" என்றாள். மேளம் இல்லை, குலவை இல்லை. அவளும் நானும் கன்றும் மட்டும் தெருவழியே போனோம். பிழைத்த பிள்ளைக்காக எல்லோரும் கொடுத்ததை அவள் செத்த பிள்ளைக்காகக் கொடுக்கப் போகிறாள் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. காரியஸ்தர் கயிற்றை வாங்கிக்கொண்டு, "நோவு காணாத கன்னக் கொண்டுபோகச் சொல்லுங்க தாயி" என்றார். திரும்பி வரும்போது மதினி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "பாக்கக் கூடாதுல்லா மதினி" என்றேன். "எனக்கென்ன தம்பி? இன்னும் எதை எடுக்கப் போறா?" என்றாள்.

கதவு திறந்தது. ஆனால் கன்றைக் கொண்டுபோக ஆள் வர வேண்டுமே! மதினி முதலில் எதிர்வீட்டுக்குப் போனாள். அந்த அக்காள் மகனை மடியில் இறுக்கிக்கொண்டு, "என்னைய விட்டுரு தங்கச்சி. நான் விட்ட கன்ன நானே கூட்டியாந்தா இவன எடுத்துருவா" என்று நடுங்கினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. மதினிக்கு எரிச்சல் வரவில்லை. அந்தப் பயம் என்னவென்று அவளுக்குத்தானே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, பையனின் தலையைத் தடவிக்கொண்டே, "உன் கன்ன நீ எடுக்காண்டாம் அக்கா. உன் கன்ன நான் கொண்டுபோய்க் கட்டுதேன். நீ வடக்குத்தெருக்காரி விட்ட கன்னக் கட்டு. உன் கன்னு உன் வீட்டுக்கு வரலேல்லா? பெறகு என்ன?" என்றாள். அக்காள் மகனை இறக்கிவிட்டு எழுந்து தொழுவைக் கூட்ட ஆரம்பித்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது. அக்காளின் கன்று எங்கள் ஓரத்து முளைக்கு வந்தது. இந்தத் தெருக் கன்று அந்தத் தெருவுக்கும், அந்தத் தெருக் கன்று இந்தத் தெருவுக்குமாக, யாருடைய நேர்ச்சையும் கெடாமல் பைய வெளியே வந்தன. ஒரு வீட்டில் வைக்கோல் இல்லையென்றால் அடுத்த வீட்டில் கொடுத்தார்கள். நிலம் இல்லாதவர்கள்கூட வாய்க்கால் கரையில் புல் அறுத்து வளர்த்தார்கள். இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு அப்படி ஒரு வழி தோன்றியிருக்காது. மடத்தில் கன்றுகள் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது. காரியஸ்தர் தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார். புதிதாக நோய் காண்பது நின்றது.

மாசி கடைசியில் காரியஸ்தர் சொல்லியனுப்பினார்: மடம் ஒழுங்காகிவிட்டது, உங்கள் கன்றையும் யாராவது வளர்க்கக் கொண்டுபோகலாம் என்று. குழந்தை போனபின் முதல் தடவையாக மதினி மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துப் பூ வைத்தாள். தன் கன்றைத் தானே கொண்டுவருவதென்று முடிவு செய்திருந்தாள். அவளைத் தடுக்க எந்தப் பயமும் இல்லையே! கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மடத்து வாசலில் காரியஸ்தர் எங்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆள் சொல்லிவிட்டு வந்த அன்று சாயங்காலமே கன்று விழுந்திருக்கிறது. நெரிசல் குறையாத நாளில் உள்ளே போன கன்று அது. அப்போதே வாங்கிய நோயை ஒளித்து வைத்திருந்து கடைசியில் காட்டிவிட்டது. அதுதான் மடத்தில் செத்த கடைசிக் கன்று. "நான் சொன்ன ஒரு சொல்லால வந்தது தாயி" என்று அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். மதினி வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையையே பார்த்தாள். மூலையில் குளம்பு கழன்று, யாரும் வேண்டாமென்று விட்டுவிட்ட ஒரு காளைக்கன்று மூன்று காலில் நின்றது. அதனிடம் போய்ப் பழத்தை உரித்து ஊட்டினாள். "வெறுங்கையோட வீட்டுக்குப் போக முடியாது தம்பி. இத அவுத்துக் குடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்த நொண்டிக் கன்றை நான் பழக்கத்தில் நடு முளைக்கு இழுத்தேன். "அங்கன வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "இங்கன கட்டுங்க." காலியாக இருந்த பக்கத்து முளையைக் காட்டினாள். அதோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தை போனதற்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அவள் அழுத சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அக்காள் ஓடிவந்து கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, போகாமலும் இருக்க முடியவில்லை.

மதினிக்கு அப்புறம் பிள்ளை பிறக்கவில்லை. எங்கள் தொழுவில் மடத்துக் கன்று இல்லாத வருஷமும் இல்லை. ஒன்று வளர்ந்து நின்றதும் அடுத்தது வரும். ஊரிலும் அது வழக்கமாகிவிட்டது. அம்மனுக்கு விட்ட கன்றை மூன்றாம் மாதம் வேறொரு வீட்டார் வளர்ப்புக்கு எடுப்பது இன்றைக்கு ஏதோ ஆதிகாலத்திலிருந்து இருக்கிற சாஸ்திரம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பும் பேச்சும் மதினிக்குக் கொஞ்சம் திரும்பி வந்தன. பழைய சிரிப்பு வரவில்லை. அவளும் போய், அண்ணனும் போய், நான் ஒருவன் இந்த வீட்டில் கிடக்கிறேன்.

போன வாரம் எதிர்வீட்டுக்காரன் வந்தான். அன்றைக்குத் தாய்மடியில் கிடந்து பிழைத்த பையன்தான். இப்போது பேத்தி எடுத்துவிட்டான். அவன் தொழுவத்தைப் பிரித்துக் கட்டுகிறான். "மாமா, மடத்துக் கன்னு ஒண்ணு வளக்கேன். கொட்டக முடியுற மட்டும் உங்க வீட்டுல நிக்கட்டும்" என்றான். சரி என்றேன். நான் கோலை ஊன்றி எழுந்து புறவாசலுக்குப் போவதற்குள் அவன் கயிற்றை நடு முளையில் போட்டுக்கொண்டிருந்தான். அங்கன வேண்டாம் என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவனுக்குப் பின்னால் வந்த பேத்தி அதற்குள் ஓடிப்போய் அந்தக் கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். கையில் ஏதோ பண்டம் தின்றுகொண்டிருந்தாள். கன்று கழுத்தை நீட்டி அவள் தலையை நக்கிற்று. அவள் கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

எதிர்வீட்டுக்காரன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான். "என்ன மாமா, இங்கன கட்டக் கூடாதா? அவுத்துரட்டுமா?" என்றான். எனக்குக் கண் மறைத்தது. மதினி, நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லையே! "அவுக்காதலே" என்றேன். "அந்தப் பிள்ளையத் தூக்காத. கயித்த மட்டும் கெட்டியாக் கட்டு."