பெட்டிக்குள் வெள்ளிக்கிழமை

பதினொரு வயதில் நான் ஒரு கம்ப்யூட்டரைச் சரிசெய்தேன். அதற்குப் பிறகு செனவாங் தொழிற்சாலையில் திருகாணி முடுக்கியிருக்கிறேன், ஜோகூரில் சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவியிருக்கிறேன், இரவுச் சந்தைகளில் துணி விற்றிருக்கிறேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவளுக்குக் கிடைத்த வேலைகள். எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் கால் தங்கியதில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைப்போல வேறு எதையும் நான் அவ்வளவு சுத்தமாகச் செய்து முடித்ததில்லை. அதுதான் சங்கடம்.

எங்கள் வீடு ரந்தா பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தது. தொழிலாளர்களுக்கான லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். நான் சொல்கிற சமயத்தில் நான்கில்தான் ஆள் இருந்தது. மற்றவர்கள் அம்பாங்கான் டவுன் பக்கம் போய்விட்டார்கள். என் வயதுப் பிள்ளை ஒன்றுகூட மிச்சமில்லை. பள்ளி வேனில் கடைசியாக இறங்குவது நான்தான். வேன் திரும்பிப் போகும் சத்தம் செம்பனைகளுக்குள் கொஞ்சதூரம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. காலி வீடுகளில் ஏறி இறங்குவேன். ஒரு வீட்டில் நாட்காட்டியைச் சுவரிலேயே விட்டுப் போயிருந்தார்கள். தினமும் போய் அதில் ஒரு தாள் கிழிப்பேன். தாள்கள் தீர்ந்த பிறகு அந்த வீட்டுக்கும் போக வேலையில்லாமல் போனது.

அப்பா பழக்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். தோட்டத்துக் கோயிலுக்குச் செயலாளரும் அவரே. தோட்டத்து ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது கணக்கெழுதும் கிராணி பழையதைக் கோயிலுக்கென்று கொடுத்தார். கோயில் கூரை ஒழுகும். அதனால் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. கோயில் சாமான் என்பதால் அம்மா அதைச் சாமி மேடைக்குக் கீழே வைக்கச் சொன்னார். கூடத்தில் இருந்த ஒரே பிளக்கும் அங்கேதான். திரை ஒரு முக்காலியில், பெட்டி தரையில். பெட்டிக்கு நெற்றி என்று ஓர் இடத்தைத் தீர்மானித்து அம்மா குங்குமம் வைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போட்டால் படங்களுக்குக் காட்டிவிட்டுக் குனிந்து பெட்டிக்கும் மூன்று சுற்றுச் சுற்றுவார்.

அண்ணன் அம்பாங்கானில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்குத் தட்டெழுதக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அந்த வருடம் அவர் சுவா என்கிற ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவர்கள் தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். கோயில் செயலாளர் மகன் இப்படிச் செய்யலாமா என்று கோயில் கமிட்டியில் கேட்பதற்கு முன்னாலேயே அப்பா முந்திக்கொண்டார். இந்த வாசப்படியை இனி மிதிக்கக் கூடாது என்று, நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாராம். நான் அப்போது பள்ளியில் இருந்தேன். திரும்பி வந்தபோது கொடியில் அண்ணனுடைய சட்டைகள் இல்லை.

இரண்டு மாதம் கழித்துக் கம்ப்யூட்டர் நின்றுபோக ஆரம்பித்தது. கோயில் அறிவிப்புகளை இப்போது நான்தான் அடித்தேன். பாதி அடிக்கும்போது எழுத்து நிற்கும், அம்புக்குறி நிற்கும், எதைத் தட்டினாலும் அசையாது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் அடித்ததெல்லாம் போயிருக்கும். ஆடித் திருவிழாவுக்கு நான்கு மாதம்தான் இருந்தது.

"ரந்தாவுல கடை இருக்குலா, தூக்கிட்டுப் போனா பாத்துருவான்," என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"மோட்டார்ல வச்சிக் கொண்டு போனா குலுங்கி உள்ள எல்லாம் கழண்டுரும்," என்றார் அப்பா. அதே மோட்டார் சைக்கிளில்தான் அவர் சமையல் கேஸ் தோங்கை, அந்தக் கனத்த இரும்பு உருளையை, கட்டிக்கொண்டு வருவார்.

அன்று மாலை அப்பா யாரையும் பார்க்காமல், "கம்ப்யூட்டர் பாக்கற ஆள் யாரையாச்சும் வரச் சொல்லணும்," என்றார். கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வழக்கமாக அவர் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதே இல்லை. குளிக்கவும் அவ்வளவு நேரம் ஆகாது.

"போடு பாப்பா, அண்ணனுக்கு," என்றார் அம்மா.

அண்ணன் நலம் விசாரிக்கவில்லை. கடைக்கு வந்த ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"கேப்ஸ் லாக்கத் தட்டுனா மேல சின்ன லைட் எரியுதா?"

"எரியல அண்ணே."

"அப்ப முழுசா ஹேங். போட்டு எவ்ளோ நேரத்துல நிக்குது?"

"தெரியல."

"தெரியலன்னா எப்படி? ஒரு நோட்டுல எழுதி வை. போட்ட நேரம், நின்ன நேரம். ஞாயித்துக்கிழம வரேன்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பின்பக்கமாக வந்தார். அப்பா சொன்னது முன்வாசல் படியைத்தானே, சமையற்கட்டுக் கதவைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பது அம்மாவின் கணக்கு. அப்பா ரம்புத்தான் மரத்தடியில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த சின்ன விசிறியை எடுத்துப் பிரஷால் தேய்த்தார். சைக்கிள் பம்பால் மூலை முடுக்கெல்லாம் காற்றடித்தார். மெமரி அட்டையை உருவி, அதன் மஞ்சள் பற்களை என் அழிப்பானால் துடைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் போனது. பிறகு அரைமணி நேரம் சாப்பாடு. அம்மா நெத்திலி சம்பால் வைத்திருந்தார். பிறகு அண்ணன் கிளம்பிவிட்டார்.

அப்பா உள்ளே வந்தார். "என்னாவாம்?"

"விசிறியில தூசியாம்ப்பா."

"வந்த ஆளுக்குச் சோறு போட்டீங்களா?"

"போட்டோம்."

"ம்."

நான்கு வாரத்தில் மறுபடி நின்றது. மறுபடி அப்பா கைப்பேசியை மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனார். இம்முறை அண்ணன் வந்தபோது அப்பா மரத்தடியில் இல்லை, முன்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த முறை கூடத்திலேயே நாற்காலி போட்டு, பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தார். அண்ணன் அவருக்கு ஒரு கை தூரத்தில் தரையில் உட்கார்ந்து திருகாணி கழற்றிக்கொண்டிருந்தார்.

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து அப்பா என்னிடம், "விசிறியவே மாத்தணுமான்னு கேளு," என்றார்.

அண்ணன் என்னிடம், "வேணாம்னு சொல்லு பாப்பா, நல்லாத்தான் இருக்கு," என்றார்.

நான் எழுந்து இரண்டடி நடந்து போய், "வேணாமாம்ப்பா," என்றேன்.

"அப்பறம் ஏன் நிக்குதாம்?"

திரும்பி நடந்தேன். அண்ணன் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். "பழைய பெட்டி. அடிக்கடி வந்து பாத்துக்கணும்னு சொல்லு."

"பாத்துக்கச் சொல்லு," என்றார் அப்பா. பத்திரிகையைப் புரட்டினார்.

அன்று சாப்பிடும்போது சமையற்கட்டில் அண்ணன் குரலைத் தாழ்த்தி, "அடுத்த தடவ அவளயும் கூட்டிட்டு வரவாம்மா?" என்றார்.

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "அவசரப்படாத. இன்னும் ரெண்டு தடவ நிக்கட்டும், அவரே கேப்பாரு," என்றார்.

அழிப்பானும் கையுமாகக் கதவோரம் நின்ற எனக்கு அது காதில் விழுந்தது. அம்மாவுக்கு அண்ணனுடைய வேலையில் நம்பிக்கை இல்லை, அது மறுபடியும் நிற்கும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அண்ணனுக்காக எனக்கு ரோஷம் வந்தது. அதோடு எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருந்தது. அண்ணன் வருவது இரண்டு மணி நேரம். அதில் ஒன்றரை மணி நேரத்தை இந்தப் பெட்டி தின்றுவிடுகிறது. பெட்டி சரியாகிவிட்டால் அந்த இரண்டு மணி நேரமும் எனக்கு. மாதம் முழுக்கப் பேச ஆளில்லாமல் இருக்கிறவளுக்கு ஒன்றரை மணி நேரம் சின்ன விஷயமில்லை.

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அண்ணன் சொன்னதிலிருந்து ஒருநாள் விடாமல் எழுதி வைத்திருந்தேன். துடைத்த வாரத்தில் நாள் முழுக்க ஓடுகிறது. பிறகு குறைகிறது. ஆனால் நாளுக்கு நாள் குறையவில்லை. புதன், வியாழன் எல்லாம் ஒரே மாதிரி. சனிக்கிழமை பார்த்தால் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் முன்னதாகவே நிற்கிறது. எல்லா வாரமும் சனிக்கிழமைதான். வெள்ளிக்கும் சனிக்கும் நடுவில் அதற்கு என்னவோ ஆகிறது.

ஒரு சனிக்கிழமை அம்மா கோயிலைக் கழுவிவிடப் போயிருந்தபோது அப்பாவின் திருப்புளியை எடுத்துத் தகட்டைக் கழற்றினேன். விசிறியின் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ பிசுபிசுத்து ஒட்டியிருந்தது. வீட்டுத் தூசி அப்படி ஒட்டாது. விரலில் எடுத்து முகர்ந்தேன். வெள்ளிக்கிழமை வாசம். சாம்பிராணிப் புகையும் சாமி விளக்கின் எண்ணெய்க் கரியும் சேர்ந்து விசிறிக்குள் போய் இறுகியிருந்தன. காற்றுப் போகாமல் பெட்டி சூடாகித்தான் நின்றிருக்கிறது.

இத்தனை முறை திறந்தும் அண்ணனுக்கு இந்த வாசம் எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தேன். கொஞ்சநேரம்தான் யோசித்தேன். அண்ணனைவிட நான் கெட்டிக்காரி என்று முடிவு செய்துகொண்டேன்.

எல்லாவற்றையும் துடைத்தேன். கோயில் விளக்குகளுக்கு அப்பா வைத்திருந்த நீள வயரை எடுத்து பிளக்கிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் இழுத்தேன். பெட்டியையும் திரையையும் ஒவ்வொன்றாக நகர்த்தி ஜன்னலடியில் வைத்தேன். அம்மா வந்து பார்த்தார்.

"எதுக்குடி இத இங்க கொண்டாந்த?"

"சாம்பிராணிப் பொகதாம்மா காரணம். இனிமே ஹேங்கே ஆவாது."

அம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைக்கவில்லை. "அண்ணன் சொன்னானா?"

"இல்லம்மா. நானே கண்டுபுடிச்சேன்."

அம்மா கொஞ்சநேரம் ஜன்னலையும் வயரையும் பார்த்தார். "கெட்டிக்காரிதான்," என்றார். பின்பக்கம் போய் வாளியைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

அழைப்பிதழ் வாங்க வந்த கமிட்டிக்காரரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக்கூடக் காட்டினேன். அவர் அப்பாவின் தோளில் தட்டி, "செயலாளரே, மக பெரிய ஆளுலா. இனி வெளியாளெல்லாம் எதுக்கு?" என்றார். அப்பா, "ஆமா," என்றார். அந்த வாரமே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது, அதாவது நாலு வீட்டுக்கும். பெட்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக இனி யாருக்கும் ஒரு காரணம் கிடைக்காது.

அண்ணனுக்கு நான்தான் போன் செய்து சொன்னேன்.

"ரொம்ப நல்லா பண்ணிட்ட பாப்பா," என்றார்.

"ஞாயித்துக்கிழம சும்மா வாங்கண்ணே. பெட்டியத் தொறக்க வேண்டியதில்ல."

"சும்மா எப்படி வர்றது? ஹேங் ஆனா சொல்லு."

கடையில் வேலை அதிகம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

திருவிழா முடிந்தது. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் விடாமல் நோட்டில் எழுதிவந்தேன். ஒவ்வொரு நாளும் 'நிற்கவில்லை' என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நெத்திலி சம்பால் இல்லை. அண்ணன் ஜோகூருக்கு வேலை மாறிப் போய்விட்டார் என்று அம்மா சொன்னபோது நான் இடைநிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். எங்களையும் லயத்தை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. இப்போது ஜோகூரில் எத்தனையோ தெருக்களில் நடந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கடையைக் கண்டால் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், திருவிழா முடிந்த மாதத்தில் நடந்த இரண்டு விஷயங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா படங்களுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, தூபக்காலோடு கூடத்தைக் கடந்து ஜன்னலடிக்கு வந்தார். பெட்டியின் முன்னால் நின்றார். ஜன்னல் காற்றில் புகை எல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அவர் குனிந்து தூபக்காலைப் பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அம்மா, பொக காட்டாதீங்க. கெட்டுப்போவும்." நான் ஓடிப்போய்ப் பழைய துண்டு ஒன்றை எடுத்துப் பெட்டியின்மேல் போர்த்தினேன்.

"சரி," என்றார் அம்மா.

மறுநாள் சனிக்கிழமை. வேலை முடிந்து வந்த அப்பா என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். நான் ஒன்றும் முக்கியமாகச் செய்துகொண்டிருக்கவில்லை, சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் நல்லாத்தான் ஓடுதா?"

"சூப்பரா ஓடுதுப்பா."

"எங்கயும் நிக்கலயா?"

"இனிமே நிக்கவே நிக்காது."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். கைப்பேசி சாப்பாட்டு மேசையில் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "அப்பா, போன மறந்துட்டீங்க," என்று அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.