பிணம் சொன்ன விடை

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பெயர்ப்பலகையை மாற்றினார்கள், கூரை பழையபடி ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆசிரியர்களைச் சீர்திருத்துவதில் கல்வி அலுவலகத்துக்கு அபார ஆர்வம். ஒரு சனிக்கிழமை பிரிஸ்டல் போர்டில் படம் வரையச் சொல்லித் தந்தார்கள். இன்னொரு சனிக்கிழமை வெற்றுத் தீப்பெட்டிகளை வைத்துக் கணிதம். அதற்குப் பிறகு வந்தது நாடகம். கொழும்பிலிருந்து ஒரு குழு பதுளைக்கு வருகிறது, தமிழ் ஆசிரியர்கள் எல்லோரும் கட்டாயம் பார்க்க வேண்டும், பார்த்தால் வகுப்பறைகளுக்கு உயிர் வரும் என்றார்கள். மத்தியானம் சோற்றுப் பார்சல் உண்டு என்றும் சொன்னதால் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள தோட்டப் பள்ளியில் எனக்கு அது முதல் நியமனம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் அதிபர், தலைமையாசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டு, பள்ளிக்குப் பக்கத்து அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். அவருக்கு வாய்ப்பாடுதான் வேதம். பள்ளிக்கூடம் முழுக்க ஒரே மண்டபம். அவர் பிரம்போடு ஐந்தாம் வகுப்புக்கு வாய்ப்பாடு கேட்டால் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"கூத்துப் பார்த்துப் படிப்பிக்க நாங்கள் என்ன கூத்துப் பழக்கிற அண்ணாவிமாரோ?" என்றார்.

"சோத்துப் பார்சல் குடுக்கிறாங்களாம் சார்."

"சோத்துக்காகக் கூத்துக்குப் போறதோ பிள்ளை?"

போனோம். பஸ்ஸில் அப்புத்தளை வரைக்கும், அங்கிருந்து ரயிலில் பதுளை. அவர் வெள்ளை வேட்டி, நஷனல் சட்டை, கையில் குடை. வழியெல்லாம் நாடகத்தால் கெட்டுப்போன குடும்பங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. கல்வி அதிகாரி கலையின் பயனைப் பற்றிப் பேசத் தொடங்கினார், முடிப்பதாக இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. குழு வந்த வேன் மலை வளைவுகளில் ஏறிய ஏற்றத்தில் நடிகர்களில் ஒருவர் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்து, பின்னறையில் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அவருக்குப் பிண வேஷம். செத்துப்போன தகப்பனுக்கு யார் கொள்ளி வைப்பது என்று இரண்டு மகன்மார் அடித்துக்கொள்வதுதான் கதை; பிணம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அவரையே படுக்க வைத்திருக்கலாம். ஆனால் பிணம் எழும்பி எழும்பி வாளியைத் தேடினால் சோக நாடகம் என்னாவது?

இயக்குநர் மேடைக்கு வந்து கைகூப்பினார். "வயசான ஐயா யாராவது வரணும். நடிக்கவே வேணாம். சும்மா கண்ண மூடிப் படுத்திருந்தா போதும்."

மண்டபத்தில் நரைத்த மீசையும் வெள்ளை வேட்டியும் ஒருவருக்குத்தான் இருந்தன. எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. அதிகாரி மைக்கிலேயே கேட்டுவிட்டார்: "அதிபர் அவர்களே, கலைக்காக இந்த ஒத்தாசையைச் செய்வீர்களா?"

மேலதிகாரி கேட்ட பிறகு எப்படி மறுப்பது? அதிபர் குடையையும் மூக்குக்கண்ணாடியையும் என் மடியில் வைத்துவிட்டு, தூக்குமேடைக்குப் போகிறவரைப் போல எழுந்து போனார்.

திரை திறந்தபோது வாங்குப் பலகையில் படுத்திருந்தார். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு வைக்க மட்டும் சம்மதிக்கவில்லையாம். மனைவியாக நடித்த பெண் அலறிக்கொண்டு ஓடிவந்து நெஞ்சில் விழுந்தாள். கால் விரல்கள் பத்தும் சுருண்டதை நான் பார்த்தேன். மற்றபடி நல்ல பிணம்தான்.

கொள்ளியில் தொடங்கிய சண்டை தோட்டம் துரவுக்குப் போயிற்று. மூத்த மகன் விரலை மடக்கிச் சத்தமாகச் சொன்னான்: "ஏழு வரிசை தென்னை. வரிசைக்கு எட்டு மரம். ஆக மொத்தம் அம்பத்தி நாலு!"

"ஐம்பத்தாறு" என்றது பிணம்.

கண் திறக்கவில்லை, தலை அசையவில்லை. குரல் மட்டும் ஐந்தாம் வகுப்பில் கேட்கிற அதே குரல். மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. மகன்மார் இருவரும் வசனம் மறந்து நின்றார்கள். மனைவிதான் கெட்டிக்காரி. தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, செத்தும் கணக்குக் கேக்குறாரே இந்த மனுஷன்!" என்று கதறினாள். சிரிப்பு இரட்டிப்பாயிற்று. அதிபர் எழுந்து உட்கார்ந்தார். "கதையைக் கெடுத்துப்போட்டன், மன்னிக்கவேணும்" என்று சபையைக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் செத்துப்போனார்.

நாடகம் முடிந்ததும் கலந்துரையாடல். "இதிலிருந்து ஆசிரியர்களாகிய நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?" என்று கேட்டார் அதிகாரி. பண்டாரவளை முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் எழுந்து, "மையத்தா இருந்தாலும் கணக்குல பிழைய உடக்கூடாது சேர்" என்றார். கலந்துரையாடல் அத்தோடு முடிந்தது.

திரும்பும் ரயிலில் அதிபர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கம் என்று நினைத்தேன். தெமோதரை ஸ்டேஷன் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவன் ஐம்பத்து நாலு எண்டு சொன்னவுடன சபை முழுக்க முணுமுணுத்தது பிள்ளை. கண்ணை மூடியிருந்தபடியால் வடிவாய்க் கேட்டுது. எங்கட பள்ளிக்கூடத்திலை நான் பிழையாய்ச் சொன்னால் ஒரு பிள்ளையாவது முணுமுணுக்குமோ?"

"முணுமுணுக்காதுங்க சார்."

"ஏன்?"

"பயம்தாங்க."

அவர் அதை நம்பவில்லை. திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்பின் முன் நின்று, "ஏழெட்டு ஐம்பத்து நாலு" என்றார். "ஏழெட்டு ஐம்பத்து நாலு!" என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் ஒப்பித்தது. இன்னொரு தரம் சொன்னார். இன்னும் பலமாக ஒப்பித்தார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இரண்டு நாள் யோசித்திருப்பார். புதன்கிழமை மேசை மேல் ஏறி நீட்டி நிமிர்ந்து படுத்தார். நெஞ்சு வரை துண்டைப் போர்த்திக்கொண்டார். "நான் செத்துப்போனன். இனி நான் பிழையாய்ச் சொன்னால் சரியானதைச் சொல்லுங்கோ. செத்தவன் அடிக்கமாட்டான்" என்று கண்ணை மூடினார்.

முதலில் ஒரு சிறுமி கிசுகிசுத்தாள். பிறகு இன்னொரு குரல். கொஞ்ச நேரத்தில் மேசையைச் சுற்றி நின்று, "பிழை சார், பிழை சார்!" என்று கத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். உள்ளே துண்டு போர்த்திய பெரிய சார். சுற்றிப் பிள்ளைகளின் கூச்சல்.

"ஐயோ, பெரிய சாரு போயிட்டாரே!"

நான் வாசலுக்கு ஓடுவதற்குள் பாதிப் பேர் லயத்துப் பக்கமும் மலைப் பக்கமும் ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். வயதான அம்மா ஒருவர் மேசை முனையில் வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒப்பாரியே தொடங்கிவிட்டார்.

"பச்சப் புள்ளையள அடிச்சறியாத மகராசனே... பூப்போல கையி வச்ச புண்ணியவானே..."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாப்பது வயசுலே நடுத்தெருவுல விட்டுட்டுப் போனீகளே..."

அதிபருக்கு அப்போது ஐம்பத்தைந்து. அதை மட்டும் அவர் திருத்தவில்லை. ஏதோ பிள்ளை திறமாக நடிக்கிறது என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாராம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கங்காணி மூச்சிரைக்க வந்து, "எப்ப டீச்சர் உசுரு போச்சு?" என்று கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார். அந்த அம்மா வாங்கோடு பின்னால் சாய்ந்தார்.

"உசுரோடவா இருக்கீங்க?" என்றார் கங்காணி. "இங்கன பாருங்க சார், அம்புட்டுக் கொழுந்தையும் மலையில போட்டுட்டுச் சனம் வருது. தோட்டத் தொரைக்கி நான் என்னத்தச் சொல்ல?"

"பாடம் நடந்தது எண்டு சொல்லும்" என்றார் அதிபர்.

பெண்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாயிற்று. எல்லோருக்கும் பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன். ஒப்பாரி வைத்த அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொன்னார் அதிபர்.

அதற்குப் பிறகு அவர் மேசையில் படுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் வாய் திறந்துவிட்டது. மூடுவதுதான் கஷ்டமாக இருந்தது. கணக்கில் மட்டுமா பிழை பிடித்தார்கள்? அவர் வேட்டி பின்பக்கம் கிழிந்திருப்பதையும் ஒருவன் சொன்னான். ஒருநாள் கரும்பலகையில் அவர் எழுதிய தேதியைப் பார்த்து, "பிழை சார்!" என்று ஒரு சிறுமி கத்தினாள். அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிரம்பையும் ஒருதரம் பார்த்தார். பிறகு தேதியை அழித்துச் சரியாக எழுதினார். கை உயர்த்தாமல் பேசியதற்காக அவளை அந்தப் பாடம் முடியும்வரை நிற்க வைத்தார்.